தாயம்மாளின் கதவுக்கு இடது பக்கம்

டெல்லியில் அதிகமாகப் போட்டோ எடுக்கப்பட்டவை மூன்று. செங்கோட்டை, குதுப்மினார், எங்கள் தாயம்மாள் அத்தை. முதல் இரண்டும் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கின்றன. அத்தைக்கு மட்டும்தான் ஏ.சி. ஹால், தலைக்கு மேல் தனி விளக்கு, காவலுக்கு யூனிஃபார்ம் போட்ட ஆள். ஷாஜகான் பெண்டாட்டிக்குச் செத்த பிறகுதான் இந்த மரியாதை கிடைத்தது. அத்தைக்கு உயிரோடு இருக்கும்போதே கிடைத்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் ஜூஸ் கிளாசும் கையுமாக அத்தை முகத்துக்கு எதிரே நின்று பெருமூச்சு விட்டார்கள். பிரதம மந்திரிக்குக்கூட எலெக்ஷன் வந்தால்தான் அந்த அளவுக்குப் படம் வைப்பார்கள்.

இத்தனை பெருமை இருந்த அத்தைக்கு அந்த நேரத்தில் இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். குடியிருக்க இடம்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. பாராபுல்லா நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாய் ஓரத்து மதராசி கேம்பில் அப்பாவைவிடச் சின்னவர்களாக இருக்கும் பெண்கள் எல்லாரும் எனக்கு அத்தை, அக்கா, சித்திதான். பாதிப் பேர் விழுப்புரத்துப் பக்கத்துக்காரர்கள். நாலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் கடைசி வரிசையில் தாயம்மாள் அத்தையின் வீடு. ஒற்றை அறை, நீலக் கதவு. காலையில் ஜங்புரா எக்ஸ்டென்ஷன் வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போவாள், மத்தியானம் திரும்புவாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஊரில் நிலமும் இல்லை. எங்கள் வீடு இரண்டு சந்து தள்ளி. நான் அஞ்சலை. லோதி ரோட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது வரை படித்தேன். பரீட்சையன்று பள்ளி மணியின் நாக்கைக் கழற்றி வைத்தது யார் என்று அங்கே இன்னும் விசாரணை நடப்பதாகக் கேள்வி. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

பனி இறங்க ஆரம்பித்த மாதத்தில் ஒரு காலை, டேப்பும் ஃபைலும் எடுத்துக்கொண்டு சர்வே ஆட்கள் வந்தார்கள். நாலாவை அகலப்படுத்தப் போகிறார்களாம். கடைசி வரிசை மட்டும் காலி செய்ய வேண்டும். பொங்கல் தாண்டியதும் புல்டோசர் வரும். தொண்ணூற்றெட்டாம் வருஷம் முடிவதற்கு முன்னாலேயே இங்கே இருந்ததாகக் காட்டுகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே நரேலா பக்கம் மனை. காட்ட முடியாதவர்களுக்கு ரோடு.

அத்தை பதினைந்து வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிறாள். காட்டத்தான் முடியவில்லை.

தொண்ணூற்றெட்டில் ஒரு சர்வே நடந்திருந்தது. அப்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும், கதவுக்கு இடது பக்கச் சுவரில், கறுப்புப் பெயிண்டில் ஒரு நம்பர் எழுதினார்கள். அதே நம்பர் போட்ட சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மற்ற குடிசை பஸ்திகளில் அந்த நம்பர்கள் இன்றைக்கும் சுவரில் அப்படியே இருக்கின்றன. நம் ஆட்களுக்குத்தான் ஜனவரி பிறந்தால் கை சும்மா இருக்காதே. அந்தப் பொங்கலுக்கு வரிசை மொத்தமும் சுண்ணாம்பு கரைத்து, சர்க்கார் எழுத்தின் மேல் வெள்ளையடித்து, கீழே காவிப் பட்டையும் இழுத்துவிட்டது. "அந்தக் கறுப்பு சீக்கிரம் மறையலடி. எங்க ஊட்டுக்காரர் மறுக்கா மறுக்கா அடிச்சாரு" என்று அத்தை வெகுகாலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பரவாயில்லை, சீட்டு இருந்தது. அதை அத்தையின் புருஷன் தன் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். திருடன் வந்தாலும் தலையைத் தூக்கினால்தானே எடுக்க முடியும் என்பது அவர் கணக்கு. பெயிண்ட் வேலைக்குப் போகிற மனுஷர். ஒரு நாள் ஏணியிலிருந்து இறங்கி, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செத்தவர் தலையணை வீட்டில் இருக்கக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். அத்தைக்கு மனசு வரவில்லை. அதில் அவருடைய தலை எண்ணெய் வாசனை இருந்தது. துக்க வருஷம் கழிந்து வந்த போகிக்குக் கண்ணை மூடிக்கொண்டு நெருப்பில் போட்டாள். மத்தியானம் அரிசி களையும்போதுதான் சீட்டு ஞாபகம் வந்ததாம். ஓடிப்போய்ச் சாம்பலைக் கிளறியதில் கை வெந்துபோனது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைச் சர்வே ஆட்கள் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுவரில் இருந்தது ஒரு பொங்கலோடு போயிற்று. தலையணையில் இருந்தது ஒரு போகியோடு போயிற்று. ரேஷன் கார்டு அவர் போன பிறகு அத்தை பேரில் புதிதாக எடுத்தது, அதில் தேதி பிந்தியது.

சர்வே ஆட்கள் வந்துபோன அன்றிலிருந்து அத்தை சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. சோற்றை வடித்து மூடி வைப்பாள், மறுநாள் அதில் தண்ணீர் ஊற்றுவாள். வேலை முடிந்து வந்து கதவில் சாய்ந்து சுவரையே பார்த்துக்கொண்டு உட்காருவாள். விரல் நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டுவாள். ஒரு அடுக்கு போனால் இன்னொரு அடுக்கு. கடைசியில் செங்கல் வந்துவிட்டது, நம்பர் வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கறுப்புப் பெயிண்ட் டப்பா தேற்றிக்கொண்டு வந்து, அத்தை வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நம்பரை நானே எழுதிவைத்தேன். இருநூற்றுப் பதினாலு. அத்தை திரும்பி வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"யாருடி எழுதினது?"

"சர்க்காருதான்."

"சர்க்காரு இவ்ளோ அழகா எழுதுவானா? கோடு நேரா போவுது. பெயிண்டு ஒழுவவே இல்ல. மாட்டிக்கினா மத்தவங்க சீட்டையும் செல்லாதுன்னுடுவான், அழிடி" என்று மண்ணெண்ணெய்த் துணியைக் கையில் கொடுத்துவிட்டாள்.

நான் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பொன்னம்மாள் அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னாள். "ஏண்டி தாயம்மா, அந்த கேமராக்காரப் பொண்ணு உன்ன நிக்கவச்சி எடுத்துச்சே. அப்ப சொவுத்துல நம்பர் இருந்துச்சில்ல?"

அத்தை எழுந்து நின்றாள்.

இருந்தது. எனக்கும் நினைவிருந்தது. தொண்ணூற்றெட்டு சர்வே முடிந்த கையோடு, பொங்கலுக்கு முன்னால், கிட்வாய் நகரிலிருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்தில் தொங்கிய பெட்டிக் கேமராவின் மேல்மூடியைத் திறந்து, தன் வயிற்றுக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்து பார்த்துப் பார்த்துப் படம் எடுத்தாள். எங்களைப் போலத் தமிழ் பேசுகிற வீட்டுப் பெண்தான், ஆனால் அந்தத் தமிழ் அவளிடம் இரவல் வாங்கிய செருப்பு மாதிரி கழன்று கழன்று விழும். சிரிக்கக் கூடாது என்றாள். அத்தை கதவில் கை வைத்துக்கொண்டு சிரிக்காமல் நின்றாள். பக்கத்தில் சுவரில் நம்பர் இருந்தது. அதற்கப்புறம் அவள் வரவில்லை. பெயர் மேதா, இருப்பது கிட்வாய் நகர் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

கிட்வாய் நகர் முழுக்க நானும் அத்தையும் தேடினோம். எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி, எல்லா மாடிப்படியும் ஒரே மாதிரி. கேமரா வைத்திருக்கும் மேதா என்றால் எந்த மினிஸ்ட்ரி என்று திருப்பிக் கேட்டார்கள். அந்த சர்க்கார் ஊழியர் காலனியில் அப்பா வேலை செய்யும் மினிஸ்ட்ரிதான் பெண்ணுக்கு இனிஷியல். எங்களுக்கு அது தெரியாது.

அப்புறம் அவளே கிடைத்தாள். அத்தை பாத்திரம் தேய்க்கும் வீட்டம்மா ஒரு காலை இங்கிலீஷ் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, "தாயம்மா, யே தோ தும் ஹோ!" என்று கத்தினாராம். பேப்பரில் அத்தை. லோதி ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹாலில் கண்காட்சி. அத்தை சோப்புக் கையோடு கேம்புக்கு ஓடி வந்தாள்.

"அஞ்சல, கெளம்புடி. என் நம்பர் கெடச்சிடுச்சி."

கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். ஹால் வாசலில் காவல்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, யாரோடு வந்தீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். கேட்டில் அத்தை படம் போட்ட ஒரு பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தது. அத்தை அதைக் காட்டி, "யே மே ஹூன்" என்றாள். அவர் போஸ்டரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மறுபடி போஸ்டரைப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே முழுக்கக் கதவுகள். எங்கள் கேம்ப் கதவுகள், கறுப்பு வெள்ளையில், ஆளுயரத்துக்கு மேல். கோவிந்தம்மாள் சித்தி வீட்டு நசுங்கின தகரம், பொன்னம்மாள் அக்கா வீட்டுச் சாக்குப் படுதா. எங்கள் சந்து வழியாகப் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிற ஜாதி ஆட்கள், இங்கே அதே சந்தை மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார்கள். கடைசிச் சுவரில் தனியாக அத்தை. கீழே ஒரு சின்ன அட்டை. எழுத்துக் கூட்டி 'அன்டைட்டில்ட்' என்று படித்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் அர்த்தம் கேட்டேன். பெயர் கிடையாது என்று அர்த்தமாம். "பேர் இருக்கே, தாயம்மாள்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அட்டையில் தேதியும் இல்லை.

அத்தை அட்டையையெல்லாம் பார்க்கவில்லை. படத்தின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு இருந்தது. கதவில் வைத்த கை இருந்தது. கதவு முடிகிற இடத்தில் சட்டம் வந்துவிட்டது.

"மீதி எங்கடி?"

"எந்த மீதி?"

"சொவுரு. நம்பர் இருக்கிற சொவுரு."

"இவ்ளோதான் அத்தே படம்."

"அதெப்படி? அங்க சொவுரு இருந்துச்சி. பின்னாடி மடிச்சி வச்சிருப்பாங்க. எங்க கல்யாணப் போட்டோவுக்கு பிரேம் போட்டவன் சட்டம் பத்தலன்னு எங்க மாமியார மடிச்சி உள்ள தள்ளிட்டான். பிரிச்சிப் பாத்தப்புறம்தான் கெழவி வெளிய வந்துச்சி."

நான் சிரித்துத் தொலைத்த நேரத்தில் அத்தை சட்டத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தூக்கிவிட்டாள். ஆணியிலிருந்து கம்பி கழன்றது. யாரோ கிளாசைக் கீழே போட்டார்கள். "ஹாத் மத் லகாவோ!" என்று, கை வைக்காதே என ஹிந்தியில் கத்தியபடி காவல்காரர் ஓடி வந்தார். அத்தை விடவில்லை. தன்னைத் தானே கட்டித் தூக்கிக்கொண்டு நின்றாள். தள்ளாடியபடி அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் பலகை. நகத்தால் அதன் ஓரத்தைக் கெல்லினாள், சுவரைச் சுரண்டியது போலவே. அப்புறம் படத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"வெட்டிட்டாங்கடி. என் ஊட்ட வெட்டிட்டாங்க."

அது கத்தலும் இல்லை, அழுகையும் இல்லை. இருமலோடு வெளியே வருகிற மாதிரி ஒரு சத்தம். ஹாலில் இருந்த அத்தனை பேரும் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் மேதா. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள், மற்றபடி அதே முகம்தான். காவல்காரர் கையைத் தட்டிவிட்டு அத்தை முன்னால் மண்டியிட்டாள்.

"தாயம்மா ஆன்ட்டி? நீங்கதானே? என்ன ஆச்சு? படம் பிடிக்கலையா?"

"நம்பர் எங்கம்மா?"

"என்ன நம்பர்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஹிந்தியில் பாதி, தமிழில் பாதி. சொல்லச் சொல்ல மேதாவின் முகம் வெளுத்தது.

"அச்சா... அது நான்தான் கட் பண்ணினேன் ஆன்ட்டி. அந்த நம்பரோட பாத்தா ஜெயில்ல எடுக்கற போட்டோ மாதிரி இருந்தது. உங்களுக்கு ஒரு மரியாதை வேணும்னு தோணித்து. அதனாலதான்..."

"மரியாதை இருக்கட்டும்மா" என்றாள் அத்தை. "நம்பரக் குடு."

மேதா கண்காட்சியை அப்படியே போட்டுவிட்டு எங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள். கிட்வாய் நகரில் அவள் வீடு நாங்கள் தேடிய மாடிப்படிகளில் ஒன்றின் மேலேயே இருந்தது. அவள் அப்பா சேஷன், மினிஸ்ட்ரியில் செக்ஷன் ஆபீசர், மப்ளரோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். மேதா திவான் கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பா டப்பாவாக இழுத்துக் கொட்டினாள். ஃபிலிம் துண்டுகளை ஒவ்வொன்றாக ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அத்தை அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்றாள். மூச்சு விட்டால் ஃபிலிம் பறந்துவிடும் என்பது போல வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இது" என்றாள் மேதா.

நானும் பார்த்தேன். உள்ளங்கை அளவில் அத்தை, கறுத்த முகமும் வெளுத்த முடியுமாக.

"அய்யோ, தலை நரைச்சிப் போயி கெழவியா நிக்கிறேனேடி."

"நெகடிவ் அப்படித்தான் இருக்கும் அத்தே. சொவுத்தப் பாரு."

கறுப்பாகத் தெரிந்த சுவரில் வெள்ளை எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். இருநூற்றுப் பதினாலு. கோடு கோணல், பெயிண்ட் ஒழுகியிருந்தது. அசல் சர்க்கார் கை.

அத்தை மேதாவின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களை நெரித்தாள். சேஷன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேதா, அவாளுக்கு வீணா ஆசை காட்டாதே. நான் முப்பது வருஷமா ஃபைல் பாக்கறேன். நம்பர் இருக்கு, சரி. என்னிக்கு எடுத்ததுன்னு அவன் கேப்பான். என்ன சொல்லுவே?"

"கவர் மேல தேதி எழுதியிருக்கேன்பா."

"நீ எழுதினதுக்கு நீயே சாட்சியா?"

"போங்கோப்பா. நேர்ல போய்ப் பேசினா கேப்பா."

சேஷன் டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். அத்தைக்கும் எனக்கும் காபி கொடுக்கச் சொன்னார். அவர் அத்தையைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்கள் அப்படிப் பார்ப்பார்கள்.

மேதாவுக்குச் சின்னதாக எதுவும் செய்யத் தெரியாது. மனை ஒதுக்குகிற ஆபீசுக்குக் கொண்டுபோகவும் கண்காட்சி அளவிலேயே படம் போட்டுவிட்டாள். இந்தத் தடவை முழுசாக, எதையும் வெட்டாமல். மெத்தை விரிப்பில் சுற்றி, ஆட்டோவில் ஒரு பக்கம் படம் நீட்டிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் என் கால் நீட்டிக்கொண்டிருக்க, அத்தை நடுவில் உட்கார்ந்து வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "சிக்னல்ல யாராவது மோதிடப் போறான், பையா, தீரே" என்று மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரை நச்சரித்தாள்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். படத்தைப் பிரித்து அலமாரி மேல் சாய்த்ததும் பக்கத்து மேஜைக்காரர்களெல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் அத்தையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, வயசே ஏறவில்லையே என்று ஹிந்தியில் சொன்னார். அத்தைக்கு வெட்கம் வந்துவிட்டது. பல நாளைக்கு அப்புறம் அத்தையின் பல்லைப் பார்த்தேன்.

அப்புறம் மேதாவும் ஆபீசரும் இங்கிலீஷுக்கு மாறிவிட்டார்கள். படித்தவர்கள் அடித்துக்கொள்வது அந்த பாஷையில்தான். என் ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷுக்கு எட்டிய மட்டும் இதுதான். தேதி எங்கே என்றார். மேதா ஃபிலிம் கவரைக் காட்டினாள். இது நீங்கள் எழுதியது என்றார். மேதா தான் சத்தியம் செய்து எழுதித் தருவதாகச் சொன்னாள். நம்பரை யார் வேண்டுமானாலும் சுவரில் எழுதலாம், படத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், இதை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு ஆயிரம் பேர் படத்தோடு வருவார்கள் என்றார். மேதாவின் குரல் ஏறியது. அவர் குரல் ஏறவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. கடைசியில் எழுந்து போய்ப் படத்தின் முன்னால் நின்றார். "வொண்டர்ஃபுல் பிக்சர்" என்றார். பிறகு திரும்பி, "பட் நோ, மேடம். ஸாரி. நோ" என்றார்.

அத்தை என் துப்பட்டாவை இழுத்தாள்.

"இன்னாடி சொல்றாரு?"

மேதாவைப் பார்த்தேன். அவளிடம் இருந்த கொஞ்சநஞ்சத் தமிழும் அந்த நிமிஷம் அவளை விட்டுப் போய்விட்டது. சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"படம் பிரமாதமா இருக்காம் அத்தே" என்றேன். "மேல அனுப்பறாராம். பொங்கல் கழிச்சி வந்து பாக்கச் சொல்றாரு."

"அச்சா" என்றாள் அத்தை. ஆபீசரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் சங்கடத்தோடு பதிலுக்குக் கும்பிட்டார்.

ஒரு புளுகு தனியாக இருந்தால் செத்துப்போகும், அதற்குத் தீனி போட வேண்டும். அது எனக்குப் பழக்கம்தான். தினமும் போய் ஏதாவது சொல்லிவிட்டு வந்தேன். ஆபீசர் படத்துக்கு சல்யூட் அடித்ததாகச் சொன்னேன். மந்திரி பார்த்துவிட்டு யார் இந்த அம்மா என்று விசாரித்ததாகச் சொன்னேன். நரேலாவில் மூலை மனை, காற்று நன்றாக வரும் என்றேன். அத்தை எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினாள். மேதா இரண்டு தடவை வந்தாள். அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று என்னிடம் ஹிந்தியில் கேட்டாள். பொங்கல் போகட்டும் என்றேன். வேறு ஆபீஸ், வேறு ஆள் என்று அவளும் அலைந்துகொண்டுதான் இருந்தாள். கண்காட்சிச் சுவரில் அத்தை படம் இருந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டாளாம். அதையும் ஒரு கலை என்று நினைத்து நான்கு பேர் பாராட்டினார்களாம்.

பெரிய படத்தை அத்தை வீட்டிலேயே வைத்தோம். உள்ளே ஒரு பக்கம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டது. படத்தில் இருந்த வீடு வீட்டைவிடப் பெரிது. வரிசையே வந்து பார்த்தது. பொன்னம்மாள் அக்கா மூலையில் உற்றுப் பார்த்து, "அடிப்பாவி, என் பக்கெட்டு! அஞ்சு வருசமா எங்க போச்சின்னு பாக்கறேன், உன் வாசல்லயா இருந்துச்சி?" என்று சண்டைக்கு நின்றாள். அத்தை சிரித்தாள். அப்புறம் சீட்டு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நரேலாவுக்கு மனை பார்க்கக் கிளம்பினார்கள். தகரத்தையும் கதவையும் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். வரிசையில் பல் விழுந்த மாதிரி இடைவெளிகள். நாலாக் காற்று நேராக அத்தை வீட்டுக்குள் வர ஆரம்பித்தது. போகிற ஒவ்வொருத்தியும் "நீ எப்ப தாயம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். "பொங்கல் கழிச்சி" என்று அத்தை சொன்னாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

போகியன்று காலை. பனியா புகையா என்று தெரியவில்லை, எதிரே வருகிற ஆள் மோதினால்தான் தெரிகிறது. மிச்சம் இருந்த வீடுகளில் பழம்பாயைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சுண்ணாம்புப் பொட்டலமும் மட்டையுமாக அத்தை வீட்டுக்குப் போனேன். புல்டோசர் வரப்போகிற சுவருக்கு எதற்கு வெள்ளை என்று கேட்காதீர்கள். அடிக்காமல் விட்டால் அத்தைக்குச் சந்தேகம் வரும்.

அத்தை பாத்திரங்களைப் பச்சைப் புடவையில் வைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

"இன்னா அத்தே, நல்ல நாளும் அதுவுமா மூட்டை கட்டறே? பொங்கல் கழிச்சித்தான வரச் சொல்லியிருக்காரு ஆபீசரு?"

அத்தை தலை நிமிரவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

"அஞ்சல, அந்த எக்ஸ்டென்சன் ஊட்டம்மாகிட்ட நான் சம்பளம் ஏத்திக் கேட்டா இன்னா சொல்லும்?"

நான் பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டேன்.

"லீவு கேட்டா இன்னா சொல்லும்? பழைய சொட்டர் ஒண்ணு குடும்மான்னா இன்னா சொல்லும்?"

"தெரியல அத்தே."

"'நோ தாயம்மா'ன்னு சொல்லும். இந்த ஊருக்கு வந்து நான் கத்துக்கினு இருக்கிற இங்கிலீசு அது ஒண்ணுதான்டி. அதப் போயி எனக்கே தமிழ்ல மாத்திச் சொல்றியே நீ."

வெளியே யாரோ பறையைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். சின்னப் பிள்ளைகள்.

"அப்ப அன்னிக்கே தெரியுமா?"

"பின்ன? அந்தப் பொண்ணு சொவுத்தப் பாத்துக்கினு அழுவுது. நீ பல்லக் காட்டிக்கினு பொங்கலு கிங்கலுங்கற. தெனம் தெனம் ஓடியாந்து மந்திரி கேட்டாரு, மூலை மனைன்ற. நான் 'உம்'னு சொல்லலன்னா நீ ராவுல தூங்குவியா? அதான் சொன்னேன்."

"எங்க போவே அத்தே?"

"தெரியலடி." அதைச் சொல்லும்போது மட்டும் கை நின்றது. திருப்பி வைத்த படத்தின் பின்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கயிற்றின் ஒரு முனையை என் பக்கம் வீசினாள். "இத இழுத்துப் புடி. அப்புறம் அழுவலாம்."

"யாரு அழறா? சுண்ணாம்புத் தூசி கண்ணுல விழுந்துடுச்சி."

அத்தை என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

"அத இன்னும் பிரிக்கவே இல்லியேடி."